தானாக நகரும் வண்டி தேடிய ஆர்லிஸ்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் எங்கள் கார்வெல் ஊருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் பிக்கப் வண்டி வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருப்பார்கள். நெப்ராஸ்காவின் இந்த மணற்குன்றுப் பக்கம் ஒருவன் பெண்டாட்டியை மாற்றினால் நாலு நாள் பேசுவார்கள். வண்டிக் கம்பெனியை மாற்றினால் அவன் சாகிற வரைக்கும் பேசுவார்கள். அதனால் ஆர்லிஸ் குச்செரா பார்த்த இரண்டு வண்டிகளின் கம்பெனிப் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதி ஊர் என் கடைக்குக் காபி குடிக்க வராது. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஆர்லிஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நான் பெருத்தேன், அவள் காய்ந்தாள். அவள் அப்பா போகும்போது சமவெளியைத் தம்பி வெர்லினுக்கும், மேட்டு நிலத்தையும் வீட்டையும் இவளுக்கும் எழுதி வைத்தார். பெண்பிள்ளை தனியாக என்ன செய்வாள், ஒரு வருஷத்தில் விற்றுவிடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் விற்கவில்லை. பெண் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மாட்டை விற்றுவிட்டு வா என்றான். இன்னொருவனுக்கு மாடு என்றாலே பயம். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். எலி வளையானாலும் தனி வளை என்பது அவள் கட்சி.

இப்போது நூற்றுச் சொச்சம் மாடு வைத்திருக்கிறாள், அத்தனையும் அவள் கையில் கன்றாக விழுந்தவை. கூட இருப்பது ஒரு கறுப்பு நாய் மட்டும். கழுத்தைச் சுற்றிப் பாதிரியார் காலர் மாதிரி வெள்ளைப் பட்டை இருப்பதால் அதற்குப் பிஷப் என்று பெயர். மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். "பிஷப் சாப்பிட்டாரா, பிஷப் தூங்கினாரா" என்று கேட்டால்தான் எனக்கும் அந்த வீட்டில் காபி கிடைக்கும்.

குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. தினம் காய்ந்த புல்லை வண்டியில் ஏற்றிப் போய் மாட்டுக்குப் போட வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நின்று புல்லைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் நீளமாக விழும். ஒரே இடத்தில் கொட்டினால் வலுத்த மாடு தின்னும், இளைத்த மாடு வேடிக்கை பார்க்கும். தனி ஆள் என்ன செய்வது? வண்டியை லோ கியரில் போட்டு, ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டி, கீழே குதித்துப் பின்னால் ஏறிக்கொள்வது. வண்டி ஆளில்லாமல் ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறதுதான். எத்தனையோ வண்டி இப்படிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்லிஸின் பழைய வண்டி இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும். போன டிசம்பரில் அது மேட்டின் நடுவில் முனகி நின்றது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினான். அதோடு சரி.

அதன் பிறகு தினம் காலையில் வெர்லின் தன் வண்டியில் வந்து அவளுக்கு ஓட்டினான். அவன் வீடு தூரம், அவனுக்கும் முதுகு வலி. வந்ததிலிருந்து போகிற வரைக்கும் வாய் ஓயாது. ஆர்லிஸ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதாத சட்டம்: ஓட்டுகிறவர் இறங்க மாட்டார், பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டி போன பிறகு சாத்திவிட்டு ஏற வேண்டும். அந்த மாசம் முழுக்கத் தன் சொந்த நிலத்தின் கேட்டை ஆர்லிஸ் இறங்கி இறங்கித் திறந்தாள். அதுதான் அவளுக்குப் புல் போடுவதைவிட வலித்தது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரியில் வெர்லின் ஒரே போடாகப் போட்டான். "அக்கா, என்னால முடியல. சனிக்கிழமை டிரெய்லரோட வரேன். மாட்ட எல்லாம் நான் எடுத்துக்கறேன், நல்ல விலை தரேன். நீ டவுன்ல ஒரு ஃபிளாட் பாத்துக்க."

"நானே தனியா தீனி போட்டுட்டா?"

"தனியா போட்டுக் காட்டு, டிரெய்லர காலியா திருப்பிக்கிட்டுப் போறேன்."

இது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஆர்லிஸ் என் கடைக்கு வந்து, ஏப்ரனைக் கழற்று, வண்டி வாங்கப் போகிறோம் என்றாள். நான் அடுப்பில் பீன்ஸை விட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்கு அப்போதே கால் தரையில் நிற்கவில்லை. இந்த வயதில் நமக்கு வேறு என்ன விளையாட்டு இருக்கிறது?

வண்டிக் கடை டெல்மருடையது. தொப்பைக்காரன், நல்லவன், வாய் மட்டும் மூடாது. நேராக வெள்ளை வண்டியிடம் கூட்டிப் போனான். மூன்று வருஷம் ஓடினது, ஆனால் புதுப்பெண் மாதிரி மினுக்கியது.

"ஆர்லிஸக்கா, இதுக்கு மேல ஒரு வண்டி கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும். சரிவுல பிரேக்க மிதிக்கவே வேணாம், இந்தப் பட்டன அமுக்குனா போதும், நடை வேகத்துல அதுவா இறங்கும். நகர ஆரம்பிச்சதும் கதவு தானா பூட்டிக்கும். சீட்டு சூடாகும்."

"என் பின்பக்கம் சூடானா மாட்டுக்கு வயிறு ரொம்புமா?"

"அப்படி இல்லக்கா, ஒரு சுகம்."

"நான் இறங்குனா இது நகருமா, அதச் சொல்லு."

டெல்மர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். ஆர்லிஸ் ஏறி, லோ கியரில் போட்டு, ரெண்டு வண்டி நீளம் ஊர்ந்ததும் பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். டக்கென்று வண்டி நின்றது. உள்ளே ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரை சிவந்து கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"பாத்தீங்களா?" டெல்மருக்கு முகமெல்லாம் பெருமை. "பாதுகாப்பு. நீங்க உள்ள இல்லாட்டி ஒரு அடி நகராது."

"அப்ப நீயே வச்சுக்க."

சிவப்பு வண்டி கடைசி வரிசையில் பனியோடு நின்றது. மின்சாரக்காரர்கள் கம்பம் நடப் பயன்படுத்தியது. இருக்கை கிழிசல், தரையில் வெறும் ரப்பர், திரையும் கிடையாது கீச்சும் கிடையாது. பின்தட்டு மட்டும் நீளமாக, ஒரு கல்யாணப் பந்தியே உட்காரலாம் போல் இருந்தது. "இது எதுக்குக்கா, இது சும்மா கிடக்கறது" என்று டெல்மர் இழுத்தான். ஆர்லிஸ் அதற்குள் ஏறிவிட்டாள்.

வண்டி ஊர்ந்தது. கதவு திறந்தது. ஆர்லிஸ் இறங்கினாள். வண்டி நிற்கவில்லை. அவள் அதன் பக்கத்தில் நாலு எட்டு நடந்து, பின்தட்டில் தாவி ஏறி, கையைக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி நின்றாள். வண்டி ஆளில்லாமல் கடையின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து மெல்ல மெல்லப் போயிற்று. டெல்மர் முதலில் சிரித்தான், பிறகு ஓடினான், பிறகு "அக்கா, கண்ணாடி, அக்கா" என்றான். அவள் அவசரமே படாமல் இறங்கி, உள்ளே ஏறி, கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். டெல்மர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"இதான் என் வண்டி," என்றாள் ஆர்லிஸ். குளிரில் அவள் மூக்கும் சிவப்பு, கண்ணும் பளபள.

"மேட்டுல ஓட்டிப் பாத்துட்டு வாங்குடி," என்றேன். "ஆழம் தெரியாம கால விடாத."

எங்கள் ஊரில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது சகஜம், அதற்குக் கையெழுத்தெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். ரெண்டையும் எடுத்துப் போங்கள், வேண்டாததைத் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றான் டெல்மர். வெள்ளையை நான் ஓட்டி வந்தேன். மனசாட்சியோடு சொல்கிறேன், அந்தச் சூடான இருக்கைக்காக மட்டும்தான். என் வீட்டுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து குளிர்காலத்தில் எனக்கு அப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை காலை. ராத்திரி புதுப்பனி விழுந்திருந்தது. மேட்டின் உச்சியில் இருக்கும் புல்போரிலிருந்து நானும் ஆர்லிஸும் கட்டுகளைச் சிவப்பின் மேல் ஏற்றினோம். பிஷப் அதன் மேல் ஏறிக்கொண்டார். மாடுகள் சரிவில் கூடி நின்று கத்தின. ஆர்லிஸ் லோ கியரில் போட்டு, ஸ்டியரிங்கைக் கட்டி, கீழே குதித்தாள்.

சிவப்பு நாலைந்து கஜம்தான் போயிருக்கும். அதற்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், அதை இருவரும் யோசிக்கவில்லை. கடை வாசலில் தார்த் தரை, இங்கே புல்லின் மேல் பனி. பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டி, குறுக்கே திரும்பி, பள்ளம் பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தள்ளினோம். மண்வெட்டியால் வெட்டினோம். சாக்கைப் போட்டோம். கழுதை நினைத்தால்தான் எழுந்திருக்கும் என்பது போல அது அசையவே இல்லை.

ஆர்லிஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் எனக்குப் பயமில்லை, அவள் நன்றாகவே திட்டுவாள். அவள் திட்டவில்லை. கீழே ரோட்டைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

"நெல்டா, அந்த ஃபிளாட்டுல நாய் வச்சுக்க விடுவாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "வாய மூடு, வந்து உக்காரு, கை நீலமா போச்சு பாரு," என்று கத்திவிட்டு வெள்ளை வண்டிக்குப் போய் அதை உயிர்ப்பித்து, சிவப்பின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். இருக்கையைச் சூடாக்குவதற்காகக் கைக்கு வந்த பட்டனை எல்லாம் அமுக்கினேன். எதையோ அமுக்க, என் தலைக்குப் பின்னால் பின்தட்டைப் பார்த்திருந்த சன்னல் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் நகர்ந்து திறந்துகொண்டது. குளிர் முதுகில் அறைந்தது. மூட வழி தெரியாமல் நான் தடவிக்கொண்டிருக்கையில், பிஷப் சிவப்பின் மேலிருந்து வெள்ளையின் பின்தட்டுக்குத் தாவினார், அந்தச் சன்னல் வழியாக உள்ளே நுழைந்தார், சூடான இருக்கையில் சுருண்டு படுத்தார்.

ஆர்லிஸ் இதை வெளியிலிருந்து பார்த்தாள். அசையாமல் பார்த்தாள்.

"நெல்டா, கதவ நீ தொறந்தியா?"

"இல்லையே."

"கதவு தொறந்தாத்தானே அது நிக்கும்."

இரண்டு பேரும் அந்தச் சன்னலைப் பார்த்தோம். ஆர்லிஸ் கோட்டைக் கழற்றி, பின்தட்டில் ஏறி, தன் இடுப்பைக் கையால் சாண் போட்டு, அந்தச் சாணைச் சன்னலில் வைத்துப் பார்த்தாள்.

"நாய் நுழைஞ்சா நான் நுழைவேன்," என்றாள்.

அவ்வளவு கட்டுகளையும் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றினோம். அறுபது வயதில் எங்களுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நானும் உள்ளே உட்கார்கிறேன் என்றதற்கு, "நீ இருந்தா கணக்குல சேராது, இறங்கு," என்றாள். தன் முதுகுக்குப் பின்னால் இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டினாள், கீச்சு அடங்கியது. லோ கியர், சரிவுப் பட்டன், ஸ்டியரிங்குக்குக் கயிறு. வெள்ளை நகர்ந்தது, கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. முதலில் சன்னல் வழியாக அவள் கோட்டு வெளியே வந்து விழுந்தது. பிறகு தலை, பிறகு தோள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஆர்லிஸ் முழுசாக வழுக்கிப் புல்கட்டின் மேல் வந்து விழுந்தாள். வண்டி நிற்கவே இல்லை.

ஓட்டுகிற இருக்கை காலியானதும் பிஷப் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு நேராக முன்னால் பார்த்தார்.

நான் பனியில் நின்று கைதட்டினேன். வெள்ளை அந்தச் சரிவில் வழுக்காமல் இறங்கியது. ஆர்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, கத்தியால் கட்டுக் கயிற்றை அறுத்து, புல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினாள். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் பேர் சொல்லி வைதுகொண்டே போனாள். அவள் சிரிப்பது மேடு வரைக்கும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சந்தோஷத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் மறந்துவிட்டது. சரிவின் அடியில் கேட் இருந்தது, இரும்புக் கேட், அது சாத்தியிருந்தது.

அதே நேரம் வெர்லின் வந்துவிட்டான். கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக இருக்கும் தொழுவத்துக்கு டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தான். நான் மேலிருந்து "கேட்டு, கேட்டு" என்று கத்திக்கொண்டு ஓடினேன், ஓடினேன் என்பது மரியாதைக்கு. ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தாள். உடனே சன்னலில் தலையை விட்டாள். இடுப்பு வரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. வெளியே வரும்போது அவள் கோட்டோடு வரவில்லை அல்லவா? இப்போது கனத்த கோட்டோடு மாட்டிக்கொண்டாள். கதவோ பூட்டியிருக்கிறது, சாவி உள்ளே இருக்கிறது. இரண்டு கால் வானத்தில் உதைக்க, பிஷப் ஓட்ட, வெள்ளை வண்டி நிதானமாகக் கேட்டை நோக்கிப் போயிற்று.

வெர்லின் வண்டியைவிட்டு இறங்கினான். எதிரே வருகிற வண்டியைப் பார்த்ததும், ஊர்ப் பழக்கம், கை தானாக எழும்பி ஆள்காட்டி விரலைத் தூக்கி வணக்கம் சொன்னது. பிறகுதான் ஓட்டுகிறவரைப் பார்த்தான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுத்த நிமிஷம் முதுகுவலிக்காரன் ஓடினான். சங்கிலியைப் பிடுங்கி, கேட்டைத் தோளால் முட்டித் தள்ளினான். வெள்ளை அவன் மூக்குக்கு முன்னால் உரசாமல் தாண்டி ரோட்டில் ஏறியது.

"அக்கா, கோட்டக் கழட்டு, கோட்டக் கழட்டு," என்று கூடவே ஓடினான்.

கோட்டு உரிந்தது, கால்கள் உள்ளே மறைந்தன, வண்டி நடு ரோட்டில் நின்றது.

நான் போய்ச் சேரும்போது வெர்லின் மாடு வெளியே வராமல் கேட்டைச் சாத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் கதவுச் சன்னலை இறக்கினாள். தலையெல்லாம் புல்.

"யாரு ஓட்டுனது?" என்றான்.

"பிஷப்."

"நான் அவருக்குக் கை காட்டிட்டேன்."

"பாத்தேன். அவருக்கும் சந்தோஷம்."

வெர்லின் சிரிக்கவில்லை. கேட்டுக்கு மேலே பார்த்தான். உச்சியிலிருந்து அடி வரைக்கும் புல் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது, இரண்டு பக்கமும் மாடுகள் தலை நிமிராமல் தின்றன. இளைத்த மாடும் தின்றது.

"நான் இல்லாட்டி கேட்ட இடிச்சிருப்ப."

"நாளைலேந்து முதல்லயே தொறந்து வப்பேன். கோட்டையும் கழட்டி வப்பேன்."

"சன்னல்ல மாட்டிக்கிட்டு நீ செத்துக் கிடந்தா எனக்குத்தானக்கா வந்து சொல்லுவாங்க." அவன் குரல் உடைந்தது. "எனக்கு மாடு எதுக்கு? என்கிட்ட இருக்கறதே போதும். உன்ன நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

இத்தனை நாளும் அவன் மாட்டுக்கு ஆசைப்படுகிறான் என்றே நாங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்திருக்கிறோம். ஆர்லிஸ் கொஞ்ச நேரம் கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பது போல் பாவனை செய்தாள்.

"பயமா இருந்தா தெனம் காலைல போன் பண்ணு," என்றாள் கடைசியில். "டிரெய்லரோட வராத. இப்ப ஏறு. சிவப்பு மேல மாட்டிக்கிட்டு இருக்கு, சங்கிலி போட்டு இழுக்கணும். திங்கக்கிழம டெல்மர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்."

வெர்லின் தன் வண்டியிலிருந்து இழுவைச் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கமாக ஏறினான். பிஷப் நடுவில் உட்கார்ந்தார். நான் பின் இருக்கையில், சூடு இல்லாத இருக்கையில் உட்கார்ந்தேன். ஆர்லிஸ் வண்டியைத் திருப்பிக் கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். வெர்லினும் நேராகப் பார்த்தான். பிஷப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன?" என்றான் வெர்லின்.

"கேட்டு," என்றாள் ஆர்லிஸ்.

வெர்லின் கதவைத் திறந்து இறங்கிப் போய், கேட்டைத் திறந்து, அவள் வண்டி உள்ளே போகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.